காருக்கும் லாரிக்கும் டேஷ்கேம்: வாங்குவதற்கு முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

டேஷ்கேம் என்பது வண்டியின் முன்கண்ணாடியில் மாட்டி, ரோட்டைப் பதிவு செய்துகொண்டே போகும் சின்னக் கேமரா. ஆறு வருடத்தில் நாலு டேஷ்கேம் பார்த்துவிட்டேன். இரண்டு செத்துப்போனது, ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், நாலாவது இப்போது என் காரில் ஓடிக்கொண்டிருக்கிறது. மச்சான் சங்ககிரியில் இரண்டு லாரி வைத்திருக்கிறார், அதிலும் கேமரா மாட்டும்போது கூடவே நின்றேன். அதனால் சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள் என்று யார் வாங்கப் போனாலும் முதலில் எனக்குத்தான் போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எனவே மொத்தமாக இங்கே.

நல்ல டேஷ்கேம் என்றால் எது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மோதல் நடந்த நிமிடத்தில் பதிவாகிக்கொண்டிருந்த கேமராதான் நல்ல கேமரா. சிரிக்காதீர்கள். கேமரா வைத்திருந்தும் வீடியோ இல்லாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 4கே (படத்தின் துல்லியம்), 170 டிகிரி (லென்ஸ் பார்க்கும் கோணம்) எல்லாம் பிறகு. வெயிலைத் தாங்குமா, கார்டு தாங்குமா, கரன்ட் ஒழுங்காகப் போகுமா, தேதியும் நேரமும் சரியாக விழுமா, இந்த நாலுக்கும் ஆமாம் என்றால் விலை குறைந்த கேமராவும் உங்களைக் காப்பாற்றும்.

"கெப்பாசிட்டர் உள்ளதா என்று பார்" என்கிறார்களே, அது என்ன?

டேஷ்கேமுக்கு மின்சாரம் வண்டியிலிருந்துதான் வருகிறது. ஆனால் நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்ததும், அல்லது மோதலில் ஒயர் பிடுங்கிக்கொண்டதும், எழுதிக்கொண்டிருக்கிற கடைசி ஃபைலை ஒழுங்காக மூடிச் சேமிக்க அதற்குச் சில நொடிகள் தேவை. அந்தச் சில நொடிக்கான மின்சாரத்தைச் சில கேமராக்கள் சின்ன லித்தியம் பேட்டரியில் வைத்துக்கொள்ளும், சில கேமராக்கள் சூப்பர் கெப்பாசிட்டரில் வைத்துக்கொள்ளும்.

என் முதல் கேமரா பேட்டரி வகை. மே மாதம் திருச்சியில் ஒரு கல்யாணம், நிழல் கிடைக்காமல் பதினொரு மணிக்கு வெட்டவெளியில் நிறுத்திவிட்டுப் பந்தி முடித்து மூன்று மணிக்கு வந்தேன். ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை, கைக்குட்டை போட்டுப் பிடித்தேன். கேமராவைப் பார்த்தால் பின்மூடி அப்பளம் மாதிரி உப்பி, ஒரு பக்கம் பிளந்து, உள்ளே வெள்ளி நிறத்தில் பேட்டரி எட்டிப் பார்க்கிறது. அதைக் கழற்றி ரோட்டோரமாக வைத்துவிட்டு, வெடிக்குமோ என்று தள்ளி நின்று பார்த்தேன். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, மூடிய காரின் உள்ளே வெயிலில் 60 டிகிரி என்பது நம் ஊர்க் கோடையில் சாதாரணம், அதுவும் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் பொருளுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே ஏறும்.

கெப்பாசிட்டர் அந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும். வாங்கும் பக்கத்தில் "சூப்பர் கெப்பாசிட்டர்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதற்குப் பதில் பேட்டரி 200 எம்ஏஎச், 300 எம்ஏஎச் என்று ஏதாவது எண் போட்டிருந்தால் அது பேட்டரி வகை, விட்டுவிடுங்கள். இயங்கும் வெப்பநிலை 60 டிகிரிக்குக் குறையாமல், முடிந்தால் 70 என்று இருக்கட்டும்.

4கே அவசியமா? 1080பி போதாதா?

உங்கள் மேல் தப்பில்லை என்று காட்ட 1080பி, அதாவது சாதாரண ஃபுல் எச்டி துல்லியம், போதும். யார் எந்தப் பக்கம் வந்தார், சிக்னல் என்ன நிறம், இண்டிகேட்டர் போட்டாரா, எல்லாம் அதில் தெரியும். இடித்துவிட்டு ஓடுகிறவரின் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டுமென்றால்தான் அதற்கு மேலே போக வேண்டும்.

இங்கேதான் பித்தலாட்டமும் நடக்கிறது. உள்ளே இருக்கும் சென்சார், அதாவது படத்தைப் பிடிக்கும் சில்லு, எது என்று பாருங்கள். சோனி ஐஎம்எக்ஸ் 335 என்பது 5 மெகாபிக்சல், ஐஎம்எக்ஸ் 415 என்பது 8 மெகாபிக்சல். 4கே படத்துக்கு 8 மெகாபிக்சல் வேண்டும். 335 சென்சாரை வைத்துக்கொண்டு 4கே என்று விற்றால், சின்னப் படத்தை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்குகிறார்கள் என்று அர்த்தம். பிளேட் எழுத்து அதனால் தெளிவாகாது, ஃபைல்தான் வீங்கும். 335 மோசமான சென்சார் என்று சொல்லவில்லை, 2கே (1080பிக்கும் 4கேக்கும் நடுவில்) கேமராவின் விலைக்கு வந்தால் தாராளமாக வாங்குங்கள். இரவில் அதிகம் ஓட்டுகிறவர்கள் ஐஎம்எக்ஸ் 678 போன்ற ஸ்டார்விஸ் 2 வகையைப் பார்க்கலாம், இருட்டில் வித்தியாசம் தெரிகிறது. சென்சார் பெயரே போடாத கேமராவை நான் தொடமாட்டேன்.

அப்புறம் அந்த 170 டிகிரி. கோணம் அகல அகல எதிரில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் படத்தில் சிறுத்துப் போகும். 140 பக்கம் இருந்தால் போதும்.

இரவில் நம்பர் பிளேட் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. விற்பவர் தெரியும் என்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீங்கள் 80 கிலோமீட்டர் வேகம், எதிரில் வருகிறவர் 80. நொடிக்கு சுமார் 44 மீட்டர் நெருங்குகிறீர்கள். கேமரா நொடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கிறது என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவிலேயே ஒன்றரை மீட்டர் போய்விடுகிறது, இருட்டில் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பதால் எழுத்து இழுபட்டு வெள்ளைக் கோடாகிவிடும். இதில் அவர் ஹை பீமை வேறு போட்டுக்கொண்டு வருவார். எந்த விலைக் கேமராவும் இந்த இயற்பியலைத் தாண்டாது. ஒரே திசையில், முன்னால் போகிற வண்டி என்றால் இரண்டு மூன்று கார் நீள தூரத்துக்குள் படிக்கலாம்.

இதற்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. மைக்கை ஆன் செய்து வைத்திருங்கள், யாராவது இடித்துவிட்டு ஓடினால் கண்ணில் பட்ட நம்பரை உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். "டிஎன் 30, வெள்ளை பொலிரோ, இடது பக்கம் திரும்புறான்" என்று. படத்தில் இல்லாவிட்டாலும் குரலில் பதிவாகிவிடும், பதற்றத்தில் மறந்தும் போகாது.

எந்த மெமரி கார்டு, எத்தனை ஜிபி?

கேமராவைவிட அதிகமாக ஏமாற்றுவது இந்தக் கார்டுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1080பி வீடியோ நிமிடத்துக்கு சுமார் 110 எம்பி, மணிக்கு 7 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. 64 ஜிபி கார்டில் எட்டரை, ஒன்பது மணி நேரம் நிற்கும். முன்னால் 4கே, பின்னால் 1080பி என்று இரண்டு கேமரா வைத்தால் மணிக்கு 20 ஜிபி அளவுக்குப் போகும், 128 ஜிபியும் ஆறு மணி நேரத்தில் நிரம்பிவிடும். நிரம்பினால் பழையது தானாக அழிந்து அதன் மேல் புதியது ஏறும். அதாவது, தினமும் பத்து மணி நேரம் ஓடுகிற லாரியில் 64 ஜிபி கார்டு நாளுக்கு ஒரு தடவை முழுசாக அழித்து எழுதப்படுகிறது. வருடத்துக்கு 300 தடவைக்கு மேல். போனில் போட்டோ வைத்துக்கொள்ளச் செய்த கார்டு இந்த அடியைத் தாங்காது. பல கம்பெனிகள் சாதாரணக் கார்டுக்கான வாரண்டியிலேயே, டேஷ்கேம் போன்ற தொடர் பதிவுக்குப் போட்டால் வாரண்டி கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனவே "ஹை எண்டூரன்ஸ்" என்று அட்டையிலேயே போட்டிருக்கும் கார்டு மட்டும். சான்டிஸ்க்கிலும் சாம்சங்கிலும் இதற்கென்றே தனி வரிசை இருக்கிறது. 4கே என்றால் எழுதும் வேகத்தைச் சொல்லும் யு3 அல்லது வி30 குறியும் இருக்கட்டும். ஆன்லைனில் போலி நிறைய, கார்டு வந்ததும் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டு முழுக் கொள்ளளவும் நிஜமா என்று ஒருமுறை சோதியுங்கள். இரவில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தெரிந்துவிடும். ஃபார்மேட் செய்வதைக் கேமராவிலேயே செய்யுங்கள், மாதம் ஒரு தடவை.

கார்டு செத்தால் கேமரா சொல்லாதா?

சொல்ல வேண்டும். என்னுடையது சொல்லவில்லை. கரூர் பக்கம் ஒரு நாற்சந்தியில் பைக்காரர் ஒருவர் தவறான பக்கத்திலிருந்து வந்து என் முன்கதவில் இடித்தார், யாருக்கும் பெரிய அடி இல்லை. நாலு பேர் கூடிவிட்டார்கள், கூடியவர்கள் எல்லாம் அவர் ஊர்க்காரர்கள். "கேமரா இருக்குங்க, பாத்துக்கலாம்" என்று நானும் கெத்தாகச் சொல்லிவிட்டுக் கார்டை எடுத்துப் போனில் போட்டேன். கடைசி ஃபைல் மூன்று வாரத்துக்கு முந்தியது. அந்த மூன்று வாரமும் கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பேசாமல் நாலாயிரம் கொடுத்துவிட்டு வந்தேன், கதவுச் செலவு தனி.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கார் கழுவும்போது போனில் கேமராவின் ஆப்பைத் திறந்து கடைசி ஃபைலின் தேதியைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, ஒரு நிமிட வேலை. பதிவு நின்றால் குரல் கொடுத்து எச்சரிக்கும் மாடல்கள் இருக்கின்றன, அந்த வசதியைக் கேட்டு வாங்குங்கள், வாங்கிய அன்றே கார்டை உருவிவிட்டுக் கத்துகிறதா என்றும் பாருங்கள்.

"மெமரி ஃபுல்" என்று வருகிறதே, தானாக அழிய வேண்டாமா?

ஜி சென்சார் செய்யும் வேலை. குலுங்கினால் விபத்து என்று நினைத்து அந்த ஃபைலை அழியாதபடி பூட்டிவிடும். நம் ஊர் வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும் தினம் பத்து விபத்து நடந்ததாக அதற்குத் தோன்றும், பூட்டிய ஃபைலாகச் சேர்ந்து கார்டு அடைத்துக்கொள்ளும். சென்சிட்டிவிட்டியைக் குறைவில் வையுங்கள். லாரியில் அணைத்தே விடலாம், தேவைப்பட்டால் பொத்தானை அழுத்திப் பூட்டிக்கொள்ளலாம்.

கண்ணாடியில் எங்கே மாட்டுவது?

முன்கண்ணாடியில், பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக் கண்ணாடிக்குப் பின்னால், பக்கத்து சீட்டின் பக்கமாக, உங்கள் பார்வையை மறைக்காமல், வைப்பர் துடைக்கும் இடத்துக்குள். மழையில் வைப்பர் எட்டாத மூலையில் மாட்டினால் தண்ணீர்த் திவலைதான் பதிவாகும். மேலே கறுப்புப் புள்ளி புள்ளியாக இருக்கும் பகுதியில் ஒட்டினால் டேப் பிடிக்காது. ரப்பர் உறிஞ்சி வகை வேண்டாம், கோடையில் நடுரோட்டில் மடியில் விழும். புது கார்களில் அதே இடத்தில் கம்பெனியின் சொந்தக் கேமரா இருந்தால் அதை மறைத்துவிடாதீர்கள்.

டேஷ்போர்டில் வெள்ளைத் துண்டு, பளபளக்கிற பிள்ளையார், பிளாஸ்டிக் பூ இவை எதுவும் கேமராவுக்குக் கீழே வேண்டாம், பகலில் கண்ணாடியில் பிரதிபலித்துப் படம் முழுக்கப் பிள்ளையார்தான் நிற்பார். லென்ஸின் மேல் சிபிஎல் ஃபில்டர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டினால் கொஞ்சம் குறையும்.

முன்கண்ணாடியின் பக்கத் தூணில் ஏர்பேக் உள்ள கார் என்றால் ஒயரை ஏர்பேக்குக்குப் பின்பக்கமாகத்தான் கொண்டுபோக வேண்டும். முன்பக்கமாக இழுத்துவிட்டால் ஏர்பேக் விரியும்போது ஒயர் தடுக்கும், முகத்திலும் அடிக்கும். பொருத்துகிறவர் அவசரமாகத் தூண் பிளாஸ்டிக் இடுக்கில் திணித்தால் நிறுத்திக் கேளுங்கள்.

ஒயரை வெட்டினால் வாரண்டி போய்விடும் என்கிறார் ஷோரூம்காரர். உண்மையா?

ஒயரை வெட்டி ஒட்டினால் அவருக்கு ஒரு சாக்கு கிடைக்கும், மின்சாரக் கோளாறு வந்தால் அதைக் காட்டுவார். வெட்டவே தேவையில்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் பேச்சே இல்லை. சாக்கெட்டைப் போன் சார்ஜருக்கு விட்டுவிட வேண்டுமென்றால் ஃபியூஸ் பெட்டியில் "ஃபியூஸ் டேப்" போட்டு எடுக்கலாம், இருக்கிற ஃபியூஸைப் பிடுங்கி அந்த டேப்பில் சொருகி, கேமராவுக்குத் தனி ஃபியூஸ் வைத்து, டேப்பை அதே இடத்தில் திரும்பச் சொருகுவது, அவ்வளவுதான். ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸில் மட்டும் கை வைக்க வேண்டாம், பின் வைப்பர் மாதிரி உயிர்போகாத சர்க்யூட்டாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

லாரிக்கும் இதே கேமராவைப் போடலாமா?

போடலாம், ஆனால் மூன்று நாலு விஷயம் வேறு.

முதலில் வோல்டேஜ். கார் 12 வோல்ட், கனரக லாரி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருப்பார்கள், என்ஜின் ஓடும்போது 28 வரை ஏறும். காருக்கு மட்டுமான 12 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் புகை வரும். "12-24 வோல்ட்" என்று அடாப்டரின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். சில எலக்ட்ரீஷியன் அண்ணன்கள் "அட, ஒரு பேட்டரியில இருந்து மட்டும் எடுத்துக்கலாம் தம்பி, 12 வோல்ட் தானே" என்பார்கள். ஒரு பேட்டரி மட்டும் தினம் இறங்கி, இன்னொன்று நிறைந்தே கிடந்து, கடைசியில் இரண்டுமே ஆயுள் குறைந்து போகும். மச்சான் வண்டியில் அப்படித்தான் எட்டு மாதத்தில் ஒரு பேட்டரி போனது.

இரண்டாவது, இடம். லாரிக் கண்ணாடியின் மேல்பகுதியில் "முருகன் துணை" ஸ்டிக்கர், எலுமிச்சம்பழம், மல்லிகைச் சரம், சன் வைசர் எல்லாம் இருக்கும். டிரைவரிடம் அதை எடுக்கச் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. கண்ணாடியின் கீழ்ப்பகுதியில், நடுவில், வைப்பர் எல்லைக்குள் மாட்டினால் போதும், உயரமான சீட் என்பதால் ரோடு நன்றாகவே தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியம், இடது பக்கம். லாரிக்காரர்களின் வழக்குகளில் பாதித் தலைவலி இடதுபக்க மறைவில் நுழைகிற பைக்தான், அதை முன் கேமரா பார்க்கவே பார்க்காது. வண்டி பெரிது என்பதாலேயே எல்லோரும் முதலில் லாரிக்காரரைத்தான் கை காட்டுவார்கள். பட்ஜெட் இருந்தால் எம்டிவிஆர் என்கிற நாலு கேமரா பெட்டிக்குப் போங்கள்: முன், இடது, வலது, பின். திருகி இறுக்கும் நாலு பின் கனெக்டரோடு வரும், அதிர்வில் கழன்று விழாது, சிம் போட்டால் முதலாளி வீட்டிலிருந்தே பார்க்கலாம். முடியாது என்றால் முன் கேமராவோடு இடது பக்கத்துக்காவது ஒன்று போடுங்கள். டிரெய்லர் வண்டிக்குப் பின் கேமரா ஒயர் வேண்டுமென்றால் இழுவை வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் கழற்றி மாட்டும் கனெக்டர் கட்டாயம், இல்லாவிட்டால் முதல் நாள் டிரெய்லரைக் கழற்றும்போதே ஒயர் அறுந்துவிடும்.

ஏஐஎஸ் 140 கருவி ஏற்கெனவே இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜிபிஎஸ், படம் பிடிக்காது.

டிரைவர் பக்கம் திரும்பிய கேமரா வைத்தால் டிரைவர் கோபிக்கிறாரே?

கோபிக்கத்தான் செய்வார். அந்த கேபின்தான் அவருக்குப் படுக்கை, சாப்பாட்டு மேசை, வீட்டுக்குப் போன் பேசும் இடம். மச்சானும் முதலில் சொல்லாமல் வைத்தார், ஒரு டிரைவர் இரண்டாவது டிரிப்பிலேயே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது ரோடு பார்க்கிற கேமரா மட்டும், உள்ளே மைக் ஆஃப். "இது உங்களைக் காப்பாத்தத்தான் அண்ணே" என்று சொல்லிப் பதிவான இரண்டு வீடியோவைப் போட்டுக் காட்டினார், அதன் பிறகு லென்ஸை அவர்களே துடைக்கிறார்கள். 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, நினைவிருக்கிறதா? உயிர்ப்பலி ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் போனால் பத்து வருடம் வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டம்) 106(2) பிரிவை எதிர்த்து. மற்ற பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் கேஸ் என்பதுதான் அவர்கள் பயம். தப்பு யார் மேல் என்று காட்டுகிற ஒரு பொருள் வண்டியில் இருப்பதன் அருமை அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

கோர்ட்டில் இந்த வீடியோ செல்லுமா?

செல்லும், முறையாகக் கொடுத்தால். முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் 63வது பிரிவு. மின்னணுப் பதிவின் நகலைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், எந்தக் கருவியில் பதிவானது, கருவி ஒழுங்காக வேலை செய்ததா, ஃபைலின் ஹாஷ் மதிப்பு (ஃபைலை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் அடையாள எண்) என்ன என்று. புதிய சட்டத்தில் அந்தப் படிவம் இரண்டு பகுதி, ஒன்றை நீங்கள் நிரப்ப வேண்டும், இன்னொன்றை நிபுணர். 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ், நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம், ஆனால் பதிவான அசல் கருவியையே சொந்தக்காரர் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று சொன்னது. அதனால்தான் அசல் கார்டு தங்கம்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். விபத்து நடந்ததும் அந்த ஃபைலைப் பூட்டும் பொத்தானை அழுத்துங்கள். யாருக்காவது அடி என்றால் முதலில் ஆம்புலன்ஸ், போலீஸ். மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவுப்படி அடிபட்டவருக்கு உதவ வேண்டும், போலீசுக்கும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். கூட்டம் ஆவேசமாக இருந்து நிற்க முடியாத நிலையை அந்தப் பிரிவே கணக்கில் எடுத்திருக்கிறது. பிறகு கேமராவை அணைத்துவிட்டு, அணைத்த பின்னால்தான், கார்டை உருவுங்கள். ஓடும்போது உருவினால் கடைசி ஃபைல் கெட்டுவிடும். லேப்டாப்பில் இரண்டு நகல் எடுத்துவிட்டு அசல் கார்டை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி ஒட்டி பீரோவில் வையுங்கள், கேமராவுக்குப் புதுக் கார்டு. வெட்டாதீர்கள், பாட்டுப் போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை ஆதாரம் என்று நினைக்காதீர்கள், அது சுருக்கி அனுப்பிவிடும். விசாரணையில் போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், எழுத்தில் கேட்கச் சொல்லி, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் உங்கள் வக்கீல்.

தேதி தப்பாக இருந்தால்?

எதிர் வக்கீலுக்கு விருந்து. சில கேமராக்கள் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தாலே பழைய வருடத்து ஜனவரி 1க்குப் போய்விடும். ஜிபிஎஸ் உள்ள கேமரா நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், நேர மண்டலத்தை +5:30 என்று ஒருமுறை வைத்தால் போதும். ஜிபிஎஸ்ஸுக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஜிபிஎஸ் என் வேகத்தையும் காட்டுமே, அது எனக்கே எதிராகத் திரும்பாதா?

திரும்பும். 80 எல்லையில் 110 போனால் அதையும் காட்டும். வேகத்தைப் படத்தில் காட்டாமல் வைக்கும் அமைப்பு பெரும்பாலான கேமராவில் உண்டு, ஆனால் மரங்களும் மைல்கல்லும் ஓடுகிற வேகத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். மெதுவாகப் போங்கள், வேறென்ன சொல்வது.

வண்டியை நிறுத்தியிருக்கும்போதும் பதிவாகுமா?

ஆகும், அதற்குப் பெயர்தான் பார்க்கிங் மோடு. இரண்டு கேமரா செட் சுமார் 4 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 வோல்டில் அது ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. ஓர் இரவுக்கு மூன்று நாலு ஆம்பியர் மணி, பரவாயில்லை. வெள்ளி மாலை நிறுத்தி திங்கள் காலை எடுத்தால் 20ஐ நெருங்கும், சின்ன பெட்ரோல் காரின் பேட்டரியே 35 ஆம்பியர் மணிதான், வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால் குறிப்பிட்ட வோல்டேஜுக்குக் கீழே போனால் தானாகத் துண்டிக்கும் ஹார்ட்வயர் கிட் இல்லாமல் பார்க்கிங் மோடு வேண்டவே வேண்டாம், 12 வோல்டுக்குக் கொஞ்சம் மேலேயே துண்டிக்கும்படி வையுங்கள். அசைவு தெரிந்தால் பதிவு என்று வைத்தால் தெருநாயும் தென்னமட்டையும்தான் கார்டு நிறைய இருக்கும், அதைவிட டைம்லாப்ஸ் (கொஞ்ச நேரத்துக்கு ஒரு படமாக எடுப்பது) மேல். லாரியில் இரவு டிரைவர் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பார், அங்கே பார்க்கிங் மோடு என்ற பேச்சே கிடையாது. டீசல் திருட்டைப் பிடிக்க அது வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனிடம் சுவிட்சுக்கு முன்பிருந்து, ஃபியூஸ் வைத்து, தனி லைன் எடுக்கச் சொல்ல வேண்டும்.

பின் கேமரா தேவையா?

தேவை. சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்து இடித்துவிட்டு "நீ ரிவர்ஸ் வந்தே" என்பார்கள். பின் கண்ணாடியில் அடர்த்தியான ஃபிலிம் ஒட்டியிருந்தால் இரவில் ஒன்றும் தெரியாது. முன்னும் பின்னும் கண்ணாடி வழியே 70 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்பது விதி, உச்ச நீதிமன்றம் 2012லேயே கறுப்பு ஃபிலிம்களுக்குத் தடை போட்டது.

கேமரா வைத்தால் இன்சூரன்ஸ் பிரீமியம் குறையுமா?

என் பிரீமியத்தில் இதுவரை ஒரு ரூபாய் குறைந்ததில்லை. கிளெய்ம் நேரத்தில் சர்வேயரிடம் வீடியோவைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடிகிறது, லாபம் அதில்தான்.

காரோடு கம்பெனியே கொடுக்கும் கேமரா?

2023இல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டர் போல சில மாடல்களின் மேல்ரகத்தில் வருகிறது. வயரிங் சுத்தமாக இருக்கும், வாரண்டித் தகராறு இல்லை. இரண்டாவது கேமரா ரோட்டைப் பார்க்கிறதா, கேபினைப் பார்க்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கேமராவுக்காக ஒரு வேரியன்ட் மேலே போகாதீர்கள்.

கடைசியில் எந்தக் கம்பெனி, எவ்வளவு பணம்?

70மாய், டிடிபாய், வியோஃபோ, க்யூபோ, இந்தப் பெயர்கள்தான் நம் ஊரில் அதிகம் ஓடுகின்றன. ஒரே கம்பெனியிலேயே கெப்பாசிட்டர் மாடலும் இருக்கும், பேட்டரி மாடலும் இருக்கும், எனவே கம்பெனி பெயரை வைத்து முடிவு செய்யாமல் மாடலைப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் என்றால் நாலைந்தாயிரம், முன்னும் பின்னும் ஜிபிஎஸ்ஸோடு நல்லதாக என்றால் பத்தாயிரத்தை ஒட்டி ஒதுக்குங்கள், கார்டுக்கும் ஹார்ட்வயர் கிட்டுக்கும் தனியாக. பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும் என்று வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். யாரும் எடுக்கவில்லையென்றால் பதில் கிடைத்துவிட்டது.

பழைய கேமரா வாங்கலாமா?

வேண்டாம். கோடை அதை என்ன செய்தது என்று வெளியே தெரியாது.

ஆயுத பூஜைக்குக் கேமராவுக்கும் பொட்டு வைக்கலாமா?

தாராளமாக. பின்பக்கம் வையுங்கள். போன வருடம் என் மனைவி லென்ஸிலேயே சந்தனம் வைத்துவிட்டார், அதன் மேல் குங்குமம் வேறு. அவிநாசி வரை போய் வந்த வீடியோவில் ஒரு சிவப்பு சூரியன் மட்டும் இருக்கிறது.